அந்தத் தொண்ணூறு ரூபாய்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நூற்பாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் தொழில் படும் பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் இந்த மடலைத் தொடங்க வேண்டும். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கிப் போட்டவர்கள் நூலை விற்கும்போது சந்தை சரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டிய டிமாண்ட் கட்டணமும் கூடவே ஏறியது. 2023 ஜூலையில், இனி ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று தமிழகத்தின் சிறு நூற்பாலைகள் உற்பத்தியையே நிறுத்தின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர் நின்றால் இராசிபுரத்திலும் சங்ககிரியிலும் கோன் பெட்டிகள் குடோனிலேயே தேங்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே, நஷ்டம் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். நஷ்டம் உண்மை என்று வைத்துக்கொண்டேதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு ஆலை தடுமாறும்போது எது முதலில் நிற்கும், எது பிறகு நிற்கும் என்பதற்கு எழுதாத ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஓவர்டைம் நிற்கும். அடுத்து மூன்றாவது ஷிப்ட். பஞ்சு வியாபாரியிடம் தவணை சொல்லலாம். மின் கட்டணத்தில் அது நடக்காது; இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். வங்கிக் கடன் 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். சம்பளத்தை ரொம்ப நாள் இழுத்தால் ஆட்கள் பக்கத்து மில்லுக்குப் போய்விடுவார்கள். சத்தமே இல்லாமல் தள்ளிப்போடக்கூடிய செலவு என்று கடைசியில் கண்ணில் படுவது வருங்கால வைப்பு நிதியும், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும்தான். கட்டாவிட்டால் மறுநாள் எந்த இயந்திரமும் நிற்காது. எவரும் கேட் முன்னால் வந்து கத்த மாட்டார்கள். வைப்பு நிதி பற்றித் தனியாக எழுத வேண்டும். அதில் பாக்கி விழுந்தாலும் ஏற்கெனவே சேர்ந்த பணம் கணக்கில் இருக்கும், பிந்தியாவது கைக்கு வரும். நோய் அப்படிப் பிந்துவதில்லை. அதனால் இந்த மடலில் இ.எஸ்.ஐ. பற்றி மட்டும் பேசுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆலையின் செலவுகளில் கடைசியாக நிற்க வேண்டியது இ.எஸ்.ஐ. சந்தா, நிறுத்தாமல் முடியாது என்ற நிலை வந்தால், தொழிலாளிக்குத் தெரிந்துதான் அது நிற்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு சைடரின், அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கும் தொழிலாளியின், சம்பளச் சீட்டை எடுங்கள். பிடித்தம் என்ற பத்தியில் வைப்பு நிதிக்குக் கீழே, மெஸ் பாக்கிக்கும் முன்பணத்துக்கும் மேலே, ஒரு சின்னத் தொகை இருக்கும்: இ.எஸ்.ஐ., 90 ரூபாய். சம்பளத்தில் 0.75 விழுக்காடு. நீங்கள் உங்கள் பங்காகச் சேர்க்க வேண்டியது 3.25 விழுக்காடு, 390 ரூபாய். இரண்டும் சேர்ந்து 480. 2019 ஜூன் வரை மொத்த விகிதம் ஆறரை விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அதை நான்காகக் குறைத்தார்கள், உங்கள் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆனது. நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கு மாதம் 48,000 ரூபாய் ஆகிறது. அண்மை ஆண்டுகளின் சந்தை நிலவரத்தில் ஒரே ஒரு கண்டி பஞ்சின் விலைக்குள் அடங்கிவிடும் தொகை இது. நூறு பேர் வேலை செய்யும் ஆலை ஒரே நாளில் அதைவிட அதிகமான பஞ்சைத் தின்றுவிடும். 48,000 ரூபாயை மிச்சப்படுத்தி நிமிர்ந்த ஆலை எதுவும் இல்லை. அதைக் கட்டியதால் மூழ்கிய ஆலையும் இல்லை.

உங்களுக்கு அவ்வளவு சின்னதாகத் தெரியும் அந்தத் தொகை அந்தப் பக்கம் எவ்வளவு பெரியதாகிறது என்று பாருங்கள். அதே சைடர் நோயில் படுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். 12,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அது மொத்தம் 25,000 ரூபாய்க்கு மேல். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற நீண்ட கால நோய்கள் 34இன் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவற்றில் ஒன்று வந்தால் 80 விழுக்காடு கூலி இரண்டு ஆண்டு வரை நீளலாம். கோன் வைண்டிங்கில் நிற்கும் பெண்ணுக்குப் பேறுகால உதவியாக 26 வாரம் முழுக் கூலி. அதே சம்பளத்துக்கு அது 72,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும். விரல் துண்டானால், கை போனால், வாழ்நாள் முழுவதும் மாத உதவித்தொகை. இத்தனைக்கும் மேலே அவருக்கும் மனைவி மக்களுக்கும், நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம். அதற்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு கிடையாது. 480 ரூபாய்க்கு இதற்கு இணையான ஒன்றைச் சந்தையில் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் விற்காது, விற்கவும் முடியாது. நாடு முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் ஒரே பானையில் போடுவதால்தான் அந்த விலைக்கு அது கிடைக்கிறது.

இனி, கவனமாகப் படிக்க வேண்டிய இடம். சந்தா நின்ற மாதத்தில் ஒன்றும் நடக்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரலில் நீங்கள் கட்டுவதை நிறுத்தினால் அந்த ஏப்ரலில் மருந்தகத்துக்குப் போகிறவருக்கு மாத்திரை கிடைக்கும். ஆகஸ்டில் காய்ச்சலில் கிடந்தவருக்கு உதவித்தொகைகூட வந்துவிடும், ஏனென்றால் அது பழைய சந்தாவின் பலன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவரும் நினைப்பார், நீங்களும் நினைப்பீர்கள். ஒன்பது மாதம் கழித்து ஜனவரியில் அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று பரிந்துரைக் கடிதம் வாங்கப் போகும்போது, கவுண்டரில் எண்ணைத் தட்டிப் பார்ப்பவர் தலையை ஆட்டுவார். உங்களுக்குத் தகுதி காட்டவில்லை, கம்பெனியில் போய்க் கேளுங்கள் என்பார். ஒன்பது மாதம் முன்னால் ஏதோ ஒரு மாலையில் கணக்காளர் அறையில் எடுத்த முடிவு அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரியவருகிறது. அந்த ஒன்பது மாதமும் சம்பளச் சீட்டில் 90 ரூபாய் பிடித்தம் அச்சாகிக்கொண்டே இருந்திருக்கும். மற்ற பாக்கிகளிலிருந்து இதை நான் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். பஞ்சுக்காரருக்குப் பாக்கி என்றால் அவருக்குத் தெரியும். அவர் சரக்கை நிறுத்திக்கொள்வார். இங்கே பாக்கிப்பட்டவருக்கே பாக்கி தெரியாது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? நோய் உதவித்தொகைக்கு ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும் என்பது விதி. அந்த விதியின் சொல்லை உற்றுப் பாருங்கள். சந்தா 'செலுத்தப்பட்டிருக்க' வேண்டும் என்று அதில் இல்லை. 78 நாளுக்குச் சந்தா 'செலுத்தத் தக்கதாக' இருந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. தொழிலாளி வேலை செய்தார், கூலி விழுந்தது, அவ்வளவு போதும். முதலாளி கட்டினாரா என்பது தொழிலாளியின் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்று நினைத்தே அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 2002 டிசம்பரில் பாரகத் எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே ஒட்டியது: சட்டம் ஓர் ஆலைக்குப் பொருந்தத் தொடங்கிய நாளிலிருந்து தொழிலாளி காப்பீட்டுக்குள் இருக்கிறார், முதலாளி எப்போது பதிவு செய்தார், எப்போது பணம் கட்டினார் என்பது அதை மாற்றாது. கட்டாத முதலாளிக்காக இ.எஸ்.ஐ. கழகம் முதலில் பலனைக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆம் பிரிவு வழி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்த அடிப்படை மாறவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரு சொல் கவுண்டர் திரையில் இல்லை. ஆலை கணக்கேற்றாவிட்டால் கணினிக்கு அந்தத் தொழிலாளி இல்லை. சட்டப்படி உரிமை இருக்கிறது என்று அவர் நிறுவ வேண்டுமானால் சம்பளச் சீட்டு வேண்டும், வருகைப் பதிவு வேண்டும், சேலத்தில் இருக்கும் துணை மண்டல அலுவலகத்துக்கு நான்கு நடை நடக்க வேண்டும், அங்கே அவர் சொல்வதைக் காதில் வாங்கும் ஓர் அலுவலர் வேண்டும். வலியோடு கிடக்கும் குடும்பத்தால் இது ஆகிற காரியமா? (கழகத்தைக் குற்றம் சொல்லாமல் விடவில்லை, அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் வேறு.)

உங்கள் தரப்பில் சொல்லப்படும் பதில்களை நான் ஒதுக்கவில்லை. முதலாவது, பிடித்தம் என்பதே ஏட்டுக் கணக்குதான் என்பது. கையில் இருந்ததைத் திரட்டி நிகரச் சம்பளத்தைக் கொடுத்தோம். 90 ரூபாய் என்று தனியாக ஒரு காசு எங்கள் பெட்டியில் இருந்ததே இல்லை. இல்லாத பணத்தை எப்படிக் கையாடினோம் என்று கேட்கிறீர்கள். கேள்வியில் நேர்மை இருக்கிறது. ஆனால் இதற்கான பதிலைச் சட்டம் 1975இலேயே சொல்லிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் அந்த ஆண்டு சேர்த்த விளக்கத்தின்படி, கூலியிலிருந்து இ.எஸ்.ஐ.க்கு என்று பிடித்த தொகை முதலாளியிடம் நம்பி ஒப்படைத்த தொகை. கட்டாவிட்டால் அது நம்பிக்கை மோசடி. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் தொடர்கிறது. உங்கள் சொந்தப் பங்கைக் கட்டாததற்கு ஒரு தண்டனை, தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாததற்கு அதைவிடக் கடுமையான தண்டனை என்று சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டு நியாயத்தைப் பார்த்தாலும் இதுதான் சரி. தொழிலாளி 12,000 ரூபாய்க்கு வேலை செய்தார். 90 ரூபாயை இன்னதற்கு என்று சொல்லி அவர் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். ஏட்டில் பிடித்தாலும் பிடித்ததுதான். அந்த மாதம் அவர் அறியாமல் உங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார், அதுவும் உங்களைவிடப் பல மடங்கு ஏழையான ஒருவர்.

இரண்டாவது பதில், தொழிலாளர்களே வேண்டாம் என்கிறார்கள் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. மருந்தகத்தில் இன்ன மாத்திரை இல்லை, வெளியே வாங்கிக்கொள் என்ற பேச்சு புதிதில்லை. வெண்ணந்தூரிலோ குமாரபாளையத்திலோ இருக்கும் ஒருவர் சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைக்காக வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால், அந்த 90 ரூபாயைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் இளந்தொழிலாளிகள் உண்டு. ஆனால் இருபத்திரண்டு வயதில் உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர் கேட்பதை வைத்து, நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருபவரின் பாதுகாப்பை எடுத்துவிட முடியாது. காப்பீடு என்றாலே அது வேண்டாத காலத்தில் கட்டி வேண்டிய காலத்தில் எடுப்பதுதானே. மருந்தகம் மோசமாக இருந்தால் அதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் பலம் தொழிலாளியைவிட உங்களுக்கு அதிகம். கழகத்தின் ஆட்சிக் குழுவில் முதலாளிகள் தரப்புக்கும் இடம் இருக்கிறது. மருந்து இல்லை என்று ஆலை அதிபர்கள் சங்கம் சேர்ந்து எழுதும் கடிதத்துக்கு வரும் பதில் வேறு, ஒரு டாஃபர் தொழிலாளி கவுண்டரில் கேட்கும் கேள்விக்கு வரும் பதில் வேறு. இன்னொன்று: மருந்தகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், நோய்க்கால உதவியும் பேறுகால உதவியும் நேராக வங்கிக் கணக்கில் விழும் பணம். மாத்திரை இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் இருக்கிறதே, இரண்டு எதற்கு என்பது. இந்த வாதத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன், படித்தவர்களும் சொல்கிறார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்தத் திட்டம் தமிழகத்தின் ஏழைக் குடும்பங்களுக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. ஆனால் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 12,000 வாங்கும் உங்கள் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 1,44,000. கணவன் மனைவி இருவரும் மில்லுக்குப் போனால் அந்த வரம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்கள் விடுதியில் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இங்கே குடும்ப அட்டை கிடையாது. அட்டை கிடைத்தவருக்கும் அது மருத்துவமனையில் சேர்ந்தபின் ஆகும் செலவுக்குத்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு இல்லை. படுத்திருக்கும் நாட்களின் கூலிக்கு நிச்சயமாக இல்லை. ஒரு தொழிலாளிக் குடும்பத்தை நோய் இரண்டு பக்கமும் அடிக்கிறது, செலவு ஒரு பக்கம், வரவு நிற்பது மறுபக்கம். வரவு நிற்பதைத் தாங்கிப் பிடிப்பது இ.எஸ்.ஐ. மட்டும்தான்.

வரவு நின்றால் நம் பகுதியில் என்ன ஆகும் என்பதற்குக் காவிரிக் கரையில் பள்ளிபாளையம் இருக்கிறது. 2025 ஜூலையில் அங்கே விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தொல்லையால் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியானது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அந்தக் கடன்கள் எல்லாமே வைத்தியச் செலவால் வந்தவை என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. சொல்லக் கூடியது வேறு. பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடங்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே நிற்பவை. கூலியைத் தவிர வேறு தாங்கல் இல்லாத குடும்பம் கடைசியில் எதை விற்கும் என்பதை அந்த ஊர் நமக்குக் காட்டிவிட்டது. அதே வட்டாரத்தில்தான் உங்கள் ஆலையும் இருக்கிறது. உங்கள் தொழிலாளிக்கும் தறிக்காரருக்கும் இடையே இருக்கும் ஒரே வேலி அந்த 480 ரூபாய். அதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

நூற்பாலைக்கென்று ஒரு தனி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவரின் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அதைத் துடைத்துவிடலாம்; தெரியாத தூசி நெஞ்சுக்குள் போகிறது. விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்கு வரும்போது நெஞ்சு இறுகி, வாரக் கடைசியில் தணிந்து, பல ஆண்டு கழித்து எந்நாளும் விடாத இளைப்பாக மாறும் பிசினோசிஸ் என்ற நோய் இந்தத் தூசியால் வருவது. அதைத் தொழில்சார் நோய் என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்த்திருந்தார்கள். கை துண்டானால் அதே நாளில் தெரியும். இந்த நோய் பதினைந்து, இருபது ஆண்டு வேலைக்குப் பிறகு தெரியும். உங்கள் ஆலை நன்றாக ஓடிய ஆண்டுகளில் உள்ளே போன தூசி, ஆலை நொடித்துப் போன ஆண்டில் இருமலாக வெளியே வருகிறது. லாபம் வந்த காலத்தில் தொடங்கிய நோய்க்கு நஷ்டக் காலம் வந்துவிட்டது என்று பாதுகாப்பை நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும்?

மேஸ்திரி, சூப்பர்வைசர், அலுவலகக் கணக்கர் ஆகியோர் நிலை வேறு மாதிரி. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்குச் சில ஆலைகள் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருகின்றன. அங்கே நிலைமை இன்னும் கறாரானது: பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பே தொடங்காது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்கிறது. 'செலுத்தத் தக்க' என்ற சலுகைச் சொல் அங்கே கிடையாது. ஆனால் குழுவிலிருந்து வெளியேறுகிறவர் அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது; ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். பாலிசி உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். இந்த ஆண்டு புதுப்பிக்கப் போவதில்லை என்று நீங்கள் ஒரு மாதம் முன்பே சொன்னால் ஐம்பத்தைந்து வயதுச் சூப்பர்வைசர் தன் சர்க்கரை நோயோடு மாறிக்கொள்வார். சொல்லாமல் விட்டால் அந்தக் கதவு மூடிவிடும், பிறகு எந்த நிறுவனமும் அவருக்கு எளிதில் திறக்காது. அமெரிக்காவில் வேலை போனவர் முழுப் பிரீமியத்தையும் தானே கட்டிப் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடர ஒரு சட்டம் உண்டு. ஆனால் கம்பெனியே மூழ்கிக் குழுத் திட்டத்தையே கலைத்துவிட்டால் தொடர்வதற்கு ஒன்றும் இருக்காது. முதலாளியின் தலையோடு தொழிலாளியின் வைத்தியத்தைக் கட்டிவைத்த ஏற்பாடு அது. தொழிலாளர் காப்பீடு பற்றிப் பேராசிரியர் பி. பி. அதர்க்கார் 1944இல் கொடுத்த அறிக்கையை வைத்து 1948இல் நம் நாடு இயற்றிய இ.எஸ்.ஐ. சட்டம் அந்த முடிச்சைப் போடவில்லை. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும், 1955இல் தமிழகத்தில் கோவையிலும் திட்டம் தொடங்கியபோது அதன் பொருளே இதுதான்: ஆலை மாறலாம், காப்பீடு மாறாது.

ஆலை ஓடவும் இல்லை, மூடவும் இல்லை என்ற நிலைதான் தொழிலாளிக்கு எல்லாவற்றிலும் கொடியது. இதற்குத் தனியாரைத் தேட வேண்டியதில்லை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் தமிழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. பிறகு உற்பத்தி தொடங்கவில்லை, முறையாக மூடுவதும் நடக்கவில்லை. குறைந்த சம்பளத்தில் தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். பிறகு அதுவும் மாதக்கணக்கில் நிலுவையானது. அரசே நடத்திய ஆலைகளில் இப்படி என்றால், தனியார் ஆலையில் ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் பூட்டு தொங்குவதை யார் கேட்பார்கள்? இதில் பலரும் அறியாத ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. 2005இல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தின்படி, ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த காப்பீட்டுத் தொழிலாளிக்கு முதல் ஆண்டு கூலியில் பாதியும் இரண்டாம் ஆண்டு கால் பங்கும் கிடைக்கும். அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. வைத்தியமும் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு சந்தா இருக்க வேண்டும், ஆலை சட்டப்படி மூடப்பட்டிருக்க வேண்டும். மூடுகிறேன் என்று எழுதிக் கொடுக்காமல் பூட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போகும் ஆலையின் தொழிலாளி இந்த இரண்டு ஆண்டுத் தாங்கலையும் இழக்கிறார். மூடல் அறிவிப்பு கொடுத்தால் மூடல் நஷ்டஈடு கேட்பார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருப்பது தெரியும். அது நியாயமாகத் தர வேண்டிய தொகை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைத் தர இயலாதவரும் அறிவிப்பைக் கொடுத்தால், தம் பையிலிருந்து ஒரு ரூபாய் போகாமல், கழகத்தின் நிதியிலிருந்து தம் ஆட்களுக்கு இரண்டு ஆண்டு சோறும் வைத்தியமும் வாங்கிக் கொடுத்தவர் ஆவார். முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பையும் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 300 தொழிலாளர்கள் என்று உயர்த்திவிட்டது. ஆகவே பெரும்பாலான சிறு ஆலைகளுக்கு அனுமதிச் சிக்கல் என்ற காரணமும் இனி இல்லை.

உங்கள் நலனையும் ஒரு வரி சொல்கிறேன், அதை நான் முதல் காரணமாக வைக்கவில்லை என்றாலும். இ.எஸ்.ஐ. உயிரோடு இருக்கும் வரை விபத்து நஷ்டஈடும் பேறுகாலச் சம்பளமும் கழகத்தின் பொறுப்பு. பாக்கி விழுந்தால் சந்தா, வட்டி, அபராதம் என்று ஏறுவது போக, தொழிலாளிக்குக் கொடுத்த பலனையும் உங்களிடமே கழகம் திருப்பிக் கேட்க முடியும். ஒரே ஒரு கை துண்டான வழக்கு, நீங்கள் மிச்சப்படுத்திய பல மாதச் சந்தாவை விழுங்கிவிடும். ஆலை திவால் நடவடிக்கைக்குப் போனால் தொழிலாளிக்கு இன்னும் சிக்கல். வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் காப்பாற்றும் திவால் சட்டத்தின் 36ஆம் பிரிவில் இ.எஸ்.ஐ.யின் பெயர் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். செலவுகளை வரிசைப்படுத்தும்போது இ.எஸ்.ஐ.யை மின் கட்டணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மாதம் முடியவே முடியாது என்றால் பாக்கியை மறைக்காமல் துணை மண்டல அலுவலகத்துக்கு எழுதித் தவணை கேளுங்கள். யார், எத்தனை நாள், என்ன சம்பளம் என்ற பதிவை மட்டும் எந்த மாதமும் விடாதீர்கள். சம்பளச் சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். நாளைக்கு அவருடைய உரிமையை நிறுவப் போகும் ஒரே காகிதம் அது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கும் முதன்மை முதலாளி நீங்கள்தான். அவர்கள் பெயரும் அதில் இருக்கட்டும். ஆலையை நிறுத்துவது என்று முடிவாகிவிட்டால் எழுத்தில் மூடுங்கள்.

சந்தா கட்டக் கடைசி நாள் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி. வரும் 15ஆம் தேதி கட்டிவிடுங்கள். கட்ட முடியாமல் போனால், 16ஆம் தேதி காலை முதல் ஷிப்ட் உள்ளே வரும் முன்பு, இந்த மாதம் இ.எஸ்.ஐ. கட்டவில்லை என்று தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி டைம் ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள்.